பகல் முழுக்க இருந்த கட்டுப்பாடு பின்னேரம் ஏன் உடைகிறது? நிறை குறைக்க நினைக்கும் ஒரு தாய்க்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு தாய். வயது 38, உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, நிறையைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தையல் தொழிற்சாலையில் வேலை, விடிய ஐந்தரைக்கு பஸ். கணவர் கட்டாரில். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். கிழமைக்கு ஒருநாள் கடன் கட்ட வேண்டும். இரண்டு தடவை சோற்றை முற்றாக நிறுத்திப் பார்த்து, மூன்று நாலு கிலோ குறைந்து, பிறகு அதைவிடக் கூட ஏறிவிட்டது. "பகலில் கட்டுப்பாடாக இருக்கிறேன், பின்னேரம் வீட்டுக்கு வந்தால் எல்லாம் போய்விடுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதிய நேரக்கணக்கிலேயே காரணம் இருக்கிறது. நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, ஒரு தேத்தண்ணியோடு பஸ் ஏறுகிறீர்கள். மத்தியானம் "குறைக்கவேணும்" என்று அரைவயிறு. பின்னேரம் ஆறு மணிக்குப் படலையைத் திறக்கும்போது பசி, களை, யோசினை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்த நேரத்தில் பிஸ்கற் பைக்கற்றைப் பிரிக்காத மனிதர் குறைவு. ஆகவே சாப்பாட்டு அட்டவணையில் தொடங்காதீர்கள். ஒரு நாளில் உங்களை ஆகவும் இறுக்குகிற அந்த ஒரு மணித்தியாலத்தை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

உடலுக்குள் நடப்பது இதுதான். யோசினை நீளும்போது கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது பசியைக் கூட்டும். முக்கியமாக இனிப்பும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாட்டின்மேல் ஆசையைக் கூட்டும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் இறங்கும். பகலில் பட்டினி கிடந்தால் இந்த இரண்டின் மேலும் உண்மையான பசியும் வந்து ஏறிவிடும். சோற்றை முற்றாக நிறுத்தியவர்கள் மூன்றாம் நாலாம் கிழமையில் உடைவது இதனால்தான்.

வன்னியில் இதற்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வெறுவயிறு என்பது வெறும் வெறுவயிறாக இருக்காது. பசி எடுத்தவுடனே நெஞ்சு படபடக்கும், ஒரு அந்தரம் வரும், கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விட மனம் வராது. அப்படிப்பட்டவருக்குப் பட்டினி வைத்தியம் புதிதாக ஒரு பயத்தைக் கொடுக்கிறதே தவிர வேறொன்றும் செய்வதில்லை. உங்களுக்கும் அப்படி என்றால் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. சாப்பாட்டை வீணாக்க மனம் வராதென்றால் குறைப்பைக் கோப்பையில் வைக்காதீர்கள், பானையில் வையுங்கள். அரிசி போடும்போதே குறைத்துப் போடுங்கள். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியப் பழஞ்சோறு. பிள்ளைகள் விட்ட மிச்சத்தைத் தாய் வழித்துச் சாப்பிடுவது எங்கள் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஒவ்வொரு இரவும் இரண்டு பிள்ளைகளின் மிச்சம் சேர்ந்தால் அது அரைச் சாப்பாடு. பிள்ளைகளுக்குக் குறைத்துப் போட்டு, கேட்டால் திரும்பப் போடுங்கள்.

முதல் கிழமை ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு கொப்பியில் ஏழு நாள் குறியுங்கள்: எத்தனை மணி, என்ன சாப்பிட்டது, அதற்கு முன் இருந்தது பசியா, களையா, யோசினையா, சும்மாவா, முதல்நாள் இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை. நாலு சொல் போதும். கலோரி எழுதத் தேவையில்லை. ஏழு நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அந்த இறுக்குகிற நேரம் பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணி, கடையில் நிற்பவர்களுக்கு இரவு கடை பூட்டிய பிறகு. உங்களுக்கு அது பின்னேரம் ஆறிலிருந்து எட்டு வரை என்று நினைக்கிறேன். குறித்துப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

அந்த ஆறு மணியை ஆறு மணிக்குத் திருத்த முடியாது, நாலு மணிக்குத்தான் திருத்தலாம். வேலைத்தலத்துத் தேநீர் இடைவேளைக்கு அவித்த பயறோ கௌபியோ ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். அவித்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 105 கலோரி, 7 கிராம் புரதம். அவித்த முட்டை ஒன்றும் சரி, அது 70 கலோரி. கச்சான் என்றால் கோதோடு ஒரு கைப்பிடி; உடைத்துச் சாப்பிட நேரம் எடுப்பதால் அளவு மீறாது. கோதுடைத்து வறுத்த கச்சான் 30 கிராமே 170 கலோரி, பைக்கற்றோடு மடியில் வைத்தால் 100 கிராம் போவது தெரியாது. முதல்நாள் இரவு ஊறப்போட்டு, விடியச் சமைக்கும் அடுப்பிலேயே அவித்து எடுத்துவிடலாம். வெயில் காலத்தில் அவித்த பயறு பின்னேரத்துக்குள் புளித்துவிடும் என்பதால் தேங்காய்ப்பூ சேர்க்காமல், தண்ணீரை நன்றாக வடித்து, ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் நிச்சயம் பழுதாகும்.

பிறகு பஸ். இறங்குவதற்கு முன்னுள்ள கடைசி ஐந்து நிமிடத்தை மூச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. நெஞ்சு ஏறக்கூடாது, வயிறு ஏறி இறங்க வேண்டும். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருப்பதுதான் இதில் வேலை செய்கிற பாகம். அப்போது நாடித்துடிப்பு இறங்கும். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மிஞ்சி ஆழமாக இழுக்கிறீர்கள், சிறிதாக்குங்கள். பஸ்ஸில் இருக்க இடமில்லையென்றால் கம்பியைப் பிடித்து நின்றபடியே செய்யலாம். தோள்களைக் காதுவரை தூக்கி ஐந்து எண்ணி விழவிடுவதை மூன்று தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் மெசினுக்குக் குனிந்த கழுத்துக்கு அது தனிச் சுகம்.

வீட்டுக்கு வந்தவுடன் குசினிக்குப் போகாதீர்கள். முதலில் குளிப்பு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது காசில்லாத, மாமியாரும் கேள்வி கேட்காத பத்து நிமிடம். சாப்பிடும் ஆசை பெரும்பாலும் அலை போல ஏறி பத்துப் பதினைந்து நிமிடத்தில் தணியும். குளித்துவிட்டு வந்தும் பசித்தால் அது பசிதான், சாப்பிடுங்கள். பிஸ்கற்றும் மிக்சரும் கண்ணாடிப் போத்தலில் கண்முன்னே இருந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் நிற்காது. தகர டின்னில் போட்டு மேல்தட்டில் வையுங்கள், அல்லது பிள்ளைகளுக்கு அன்றன்றைக்குச் சின்னப் பைக்கற்றாக வாங்குங்கள். பெரிய பைக்கற் இலாபம் என்று வாங்குவது கணக்கில் இலாபம், இடுப்பில் நட்டம்.

இப்போது தேத்தண்ணி. ஒரு கப் பால் தேத்தண்ணியில் முழு ஆடைப் பால்மா குவித்து இரண்டு தேக்கரண்டி, ஏறக்குறைய 10 கிராம், 50 கலோரி. சீனி மூன்று தேக்கரண்டி, 15 கிராம், 60 கலோரி. ஆக 110. நாளுக்கு நாலு கப் என்றால் 440. உடற்கொழுப்பு ஒரு கிலோ ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைந்தால் தொடக்கத்தில் கிழமைக்கு அரைக்கிலோ அளவில் இறங்கும், போகப்போக வேகம் குறையும். அதாவது சோற்றைத் தொடாமலே பாதி வழிக்கு மேல் தேத்தண்ணியிலேயே இருக்கிறது. ஆனால் ஒரேநாளில் சீனியை நிறுத்த வேண்டாம், அது இன்னொரு அந்தரம். கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். பிளேன்ரீயோடு பனங்கட்டி கடிப்பவர்கள் அதுவும் சீனிதான் என்பதை மறக்க வேண்டாம்: 5 கிராம் துண்டு ஒன்று 20 கலோரி அளவில். ஒரு கப்புக்கு ஒரு சின்னத் துண்டென்றால் பரவாயில்லை, பாதிக் கட்டியென்றால் சீனி போட்டதைவிட மோசம்.

இரவுச் சாப்பாட்டைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புட்டை விட்டுவிடச் சொன்னால் நீங்கள் இந்தப் பதிலையே மூடிவைத்துவிடுவீர்கள். விடத் தேவையில்லை. அரிசி மா 100 கிராம் 360 கலோரி, தேங்காய்ப்பூ 30 கிராம் 105 கலோரி. ஒரு கோப்பை புட்டு இப்படித்தான் 450ஐத் தாண்டுகிறது. உங்கள் பங்குக்கு 60 கிராம் மாவும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும் எடுத்து, குறைந்த இடத்தை முருங்கையிலையால் நிரப்புங்கள். உருவிய இலை இரண்டு கைப்பிடி, வெங்காயம், பச்சைமிளகாய். இலையைக் கழுவியவுடன் போட்டால் அதிலுள்ள ஈரத்தில் புட்டு கட்டியாகிவிடும். சுளகில் பரவி ஈரம் போனபிறகு அரிந்து, மா குழைத்து முடிந்த பின்னரே கலக்க வேண்டும். நீத்துப்பெட்டியில் அமத்தி நிரப்பாமல் தளர்வாகப் போட்டு, ஆவி மேலே வந்த பிறகும் சில நிமிடம் விடுங்கள். இது 270 கலோரிக்குள் நிற்கும். உள்ளங்கையளவு மீன், குளத்து யப்பான் மீனோ விராலோ எதுவானாலும், குழம்பாகச் சேர்த்தால் முழுச் சாப்பாடு 400 அளவில். மீன் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும்; எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பாலில் வையுங்கள்.

மத்தியானச் சோறு இருக்கட்டும். தேத்தண்ணிக் கப்பால் ஒன்றரைக் கப் சோறு 300 கலோரி அளவில், அதோடு பருப்பு அல்லது மீன், கீரை வறையும் ஒரு மரக்கறியும் சேர்ந்து சோற்றைவிடக் கூட இடம் எடுக்க வேண்டும். சோறு குறைந்தது போலவே தெரியாது. வேலை செய்யும் பெண் நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே போவதை வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாது; உங்களுக்கு 1,500 அளவே போதுமான குறைப்பு.

ஏன் எங்கள் பக்கம் திடீரென்று எல்லோருக்கும் நிறை ஏறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். சோறு மாறவில்லை, வேலை மாறிவிட்டது. காலபோகத்தில் நாற்று நட்டு, களை பிடுங்கி, அருவி வெட்டி, சூடடித்த உடம்புக்குப் போட்ட அதே சோற்றை, வெட்டு மெசின் வந்து இரண்டு மணித்தியாலத்தில் வயலை முடித்த பிறகும், சைக்கிள் போய் மோட்டார்சைக்கிள் வந்த பிறகும், நாள்முழுக்கக் கதிரையில் இருந்து தைக்கும்போதும் போடுகிறோம்.

நடக்கச் சொல்வார்கள், எங்கே நடப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பகலில் வெயில். மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் விடிய இருட்டோடு போனால் யானை நிற்கும். ஒழுங்கையில் நாய். பெண் தனியாக வேகமாக நடந்தால் "எங்க பிள்ளை போறாய்?" என்று நாலு வேலிக்குப் பதில் சொல்ல வேண்டும். இவை சாட்டல்ல, உண்மையான தடைகள். வளவுக்குள்ளேயே நடவுங்கள். அரை ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் வேலியோரம் ஒரு சுற்று ஏறக்குறைய 180 மீற்றர். பத்துச் சுற்று 1.8 கிலோமீற்றர், இருபது இருபத்தைந்து நிமிடம். நிமிடத்துக்கு 100 காலடி அளவில், கதைக்கலாம் ஆனால் பாட்டுப் பாட முடியாது என்ற வேகம். பாம்புக்கு ரோச் அடித்து, வேலியோரத்துப் பற்றையை முதலில் வெட்டிவிடுங்கள். கிழமைக்கு 150 நிமிடம் இலக்கு, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்குத்தான். கிழமையில் இரண்டு நாள், கதிரையில் இருந்து கைபிடிக்காமல் பத்துத் தடவை எழும்பி இருத்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் பத்துத் தடவை, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானைத் தூக்கி இறக்குதல். நிறை குறையும்போது தசையும் சேர்ந்து போகாமல் பாதுகாப்பது இதுதான்.

நித்திரைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் இது மறைந்து கிடக்கிறது. கட்டார் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அவருக்கு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து கதைக்க வந்தால் இங்கே பதினொன்றரை. நாலரைக்கு எழும்புகிற உங்களுக்கு மிஞ்சுவது ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. ஐந்து மணித்தியால நித்திரையோடு நிறை குறைப்பது மேட்டில் சைக்கிள் மிதிப்பது போன்றது. அவரோடு வெளிப்படையாகக் கதைத்து, வேலைநாளில் அவரின் இடைவேளையில் ஐந்து நிமிடம், நீண்ட கதை அவரின் வெள்ளிக்கிழமை லீவுக்கு என்று மாற்றிப் பாருங்கள். கடன், காசுக் கதைகளைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள். கடைசித் தேத்தண்ணி பின்னேரம் நாலு மணிக்கு. தேயிலையிலுள்ள கஃபைனில் பாதி உடலைவிட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

கடன் கட்டும் நாளை கொப்பியில் தனியாகக் குறியிடுங்கள். அன்றும் முதல்நாளும் கூடச் சாப்பிடுவது தெரிந்தால், அந்த நாளுக்கு முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும்: "காசு கட்டிவிட்டு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவோடு பத்து நிமிடம் வெளியில் நிற்பேன், குசினிக்குப் போகமாட்டேன்" என்பது போல, இடமும் செயலும் சேர்த்து. "அன்றைக்குக் கவனமாக இருப்பேன்" என்பது முடிவல்ல, அது அந்த நேரத்தில் கைகொடுக்காது. ஆனால் கடன் மூச்சுப் பயிற்சியால் தீராது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுக்கும் நிலைக்கு வந்திருந்தால், உங்கள் பகுதிச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு வழியிருக்கிறதா என்று கேட்பதே அந்தக் கிழமையின் முக்கிய வேலை. நிறை இரண்டு மாதம் அப்படியே நின்றாலும் குற்றமில்லை.

மே மாதமும் கார்த்திகையும் அப்படித்தான். போரில் இழப்புள்ள வீடுகளில் அந்த நினைவு நாட்களில் நித்திரையும் சாப்பாடும் குழம்பும். அந்தக் கிழமைகளில் குறைக்கப் பார்க்காமல், இருக்கிற நிறையைத் தக்கவைப்பதை மட்டும் இலக்காக வையுங்கள்.

சாமத்திய வீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எல்லாம் தவிர்க்கும் விடயங்களில்லை, தவிர்க்கவும் வேண்டாம். பசியோடு போகாதீர்கள், பலகாரத் தட்டில் ஒன்றை எடுத்து மெதுவாகச் சாப்பிடுங்கள், சோடாவுக்குத் தண்ணீர் கேளுங்கள். விரத நாளில் கவனிக்க வேண்டியது விரதத்தை அல்ல, முடிக்கும் சாப்பாட்டை. வடை, பாயாசத்தோடு இரண்டு மடங்கு சோறு போனால் அன்று குறைந்தது ஒன்றுமில்லை. ஒருநாள் மீறிவிட்டால் அடுத்தநாள் பட்டினி போடக்கூடாது. அடுத்த நேரச் சாப்பாட்டை வழமைபோலச் சாப்பிடுங்கள். "கெட்டது கெட்டுப்போச்சு" என்று அந்தக் கிழமையையே விட்டுவிடுவதுதான் நிறையை ஏற்றுகிறது.

நிறை பார்ப்பது கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாள், விடிய, சலம் கழித்த பின். மாதவிடாய்க்கு முன் நீர்கட்டி ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்கும், கருவாடும் ஊறுகாயும் கூடினாலும் அப்படித்தான். மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இடுப்புச் சுற்றளவும் எடுங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில். எங்கள் இனத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90ம் தாண்டினால் ஆபத்துக் கூடுகிறது. நிறையும் நாடாவும் நாலு கிழமை அசையாமல் நின்றால்தான் "நின்றுவிட்டது" என்று கருதி, எண்ணெய், தேங்காய், கொறிப்பதைத் திரும்பக் கணக்குப் பாருங்கள். முதல் இலக்கு ஆறு மாதத்தில் 4 கிலோ, அதாவது உங்கள் நிறையில் 5 வீதம். சீனியும் இரத்த அழுத்தமும் அந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும். அமெரிக்காவில் உங்களைப்போலச் சீனி எல்லையில் நின்றவர்களிடம் நடந்து 2002 இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 7 வீத நிறைக்குறைப்பும் கிழமைக்கு 150 நிமிட நடையும் என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. முகநூலில் விற்கும் நிறை குறைக்கும் தேயிலைகளை வாங்காதீர்கள். பலவற்றில் இருப்பது நிலாவாரை என்ற பேதி மூலிகை, வயிற்றோட்டத்தில் தண்ணீர்தான் போகும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரத மா எதுவும் தொடவே கூடாது.

அடுத்த கிளினிக்கில் சில விடயங்களைக் கட்டாயம் கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாத ஊசி போடுகிறீர்களென்றால் அது சிலருக்கு நிறையைக் கூட்டும், மாற்றுவழி இருக்கிறது. நித்திரைக்கோ மனநோவுக்கோ தரும் அமிற்றிப்ரிலின், மிற்ராசபின், ஒலன்சபின், மூட்டுவலிக்குத் தரும் பிரெட்னிசொலோன் ஆகியவையும் ஏற்றும். ஆனால் ஒன்றையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சிலதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. களை, மலச்சிக்கல், முடி உதிர்வு, குளிர் தாங்காமை இருந்தால் தைரொயிட் பரிசோதனை கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஒன்றிலும் விருப்பமில்லாமல், அழுகையாக, விடிய மூன்று மணிக்கே விழிப்பு வந்து கிடந்தால் சாப்பாட்டுத் திட்டத்தை ஒத்திவைத்து ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கோ பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். பிற்காலத்தில் சீனிக்கு கிளிக்கிளசைட் குளிசையோ இன்சுலினோ தொடங்கினால், சாப்பாட்டைக் குறைக்கும் முன் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டே ஆகவேண்டும். கைநடுக்கம், குளிர்வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு தடவை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.